வாடகை வருமானத்தைக் கொண்டு முன்கூட்டியே ஓய்வு பெறுதல்: தூத்துக்குடி

வீடு, கடை, கிட்டங்கி போன்ற சொத்துகளில் இருந்து கிடைக்கும் வாடகையைக் கொண்டே குடும்பச் செலவை நடத்தி, வழக்கமான ஓய்வு வயதுக்கு முன்பே வேலையில் இருந்து விலகிக்கொள்வது வாடகை வருமான ஓய்வு ஆகும். தமிழ்நாடு அரசுப் பணியில் ஓய்வு வயது 60. இந்த வழியைத் தேர்வு செய்பவர்கள் 40 முதல் 50 வயதுக்குள்ளாகவே ஓய்வு பெற நினைக்கின்றனர். வாடகை தானாக வரும் வருமானம் என்று பரவலாகக் கருதப்படுகிறது. ஆனால் அது வாடகைதாரரின் சம்பளத்தில் இருந்தோ வியாபாரத்தில் இருந்தோ வருகிறது. எனவே ஓர் ஊரில் வாடகையை நம்பி வாழ முடியுமா என்பது, அந்த ஊரில் யார் வேலை செய்கிறார்கள், அந்த வேலை எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதைப் பொறுத்தது. துறைமுகம், உப்பளம், அனல் மின் நிலையம், ஆலைகள் ஆகியவற்றைச் சார்ந்து வளர்ந்த தூத்துக்குடி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பின்னணி

முன்கூட்டியே ஓய்வு பெறும் எண்ணம் அமெரிக்காவில் 1990களில் ஒரு தனி இயக்கமாக வளர்ந்தது. விக்கி ராபின், ஜோ டொமிங்கஸ் ஆகியோர் 1992இல் வெளியிட்ட ‘யுவர் மணி ஆர் யுவர் லைஃப்’ என்ற நூல் இதற்குத் தூண்டுகோலாக அமைந்தது. 1994இல் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர், ஓய்வுக்கால நிதியில் முதல் ஆண்டு 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அதை உயர்த்திக்கொண்டால் 30 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கலாம் என்று கணக்கிட்டார். ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு சேர்த்தால் ஓய்வு பெறலாம் என்ற விதி இதில் இருந்து வந்ததே. இந்தக் கணக்கு அமெரிக்கப் பங்குகளையும் கடன் பத்திரங்களையும் அடிப்படையாகக் கொண்டது. இந்திய வீட்டு வாடகைக்கு இதை அப்படியே பொருத்த முடியாது.

தமிழ்நாட்டில் இந்த எண்ணம் பரவியதற்கு ஓய்வூதிய மாற்றம் ஒரு காரணம். 2003 ஏப்ரல் 1 முதல் மாநில அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கும், 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கும் பழைய ஓய்வூதியத்துக்குப் பதிலாகப் பங்களிப்பு முறை கொண்டுவரப்பட்டது. தனியார் துறையில் பெரும்பாலோருக்கு ஓய்வூதியம் மிகச் சிறிய தொகையே. எனவே விருப்ப ஓய்வில் கிடைக்கும் தொகையையும் வெளிநாட்டில் சேர்த்த பணத்தையும் மனையிலும் வீட்டிலும் போட்டு, மாத வாடகையை ஓய்வூதியம் போலப் பெறும் வழக்கம் வளர்ந்தது.

தூத்துக்குடியின் வாடகைச் சொத்துகள்

1974 ஜூலை 11 அன்று தூத்துக்குடித் துறைமுகம் நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. அதே காலத்தை ஒட்டி ஸ்பிக் உர ஆலை, கனநீர் ஆலை, அனல் மின் நிலையம் ஆகியவை அமைந்தன. 1986 அக்டோபர் 20 அன்று தனி மாவட்டம் உருவானது. 2008 ஆகஸ்ட் 5 அன்று நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. இந்த வளர்ச்சியோடு வாடகைச் சொத்துகளும் பெருகின. அவற்றுள் முக்கியமானவை:

• காம்பவுண்டு வீடுகள்: ஒரே வளாகத்துக்குள் வரிசையாகக் கட்டப்பட்ட சிறு வீடுகள். வாடகை குறைவு. ஆனால் ஒரு வீடு காலியானாலும் மற்றவற்றின் வாடகை நிற்காது.
• தனி வீடு, மாடிப் பகுதி: உரிமையாளர் கீழே குடியிருந்து மாடியை வாடகைக்கு விடுவது பரவலான முறை.
• கடைகள்: முதன்மைச் சாலைகளில் உள்ளவற்றுக்கு வாடகை அதிகம். வியாபாரம் சரிந்தால் நீண்ட நாள் பூட்டிக் கிடக்கும்.
• கிட்டங்கிகள்: துறைமுகத்துக்கு வரும் சரக்கை வைக்கும் சேமிப்புக் கூடங்கள். ஒப்பந்தம் பல ஆண்டுகளுக்கு எழுதப்படும். முதலீடும் பெரிது.
• உப்பளம்: குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு உற்பத்தியில் தமிழ்நாடு இரண்டாம் இடம் வகிக்கிறது. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்துக்கு உரியது. பட்டா உப்பளங்களைக் குத்தகைக்கு விடும் வழக்கம் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உற்பத்தி நின்றுவிடும்.

வாடகைதாரர்கள் யார்?

துறைமுகம், ஸ்பிக், அனல் மின் நிலையம் ஆகியவற்றுக்குச் சொந்தக் குடியிருப்புகள் உள்ளன. எனவே அவற்றின் நிரந்தர ஊழியர்களில் ஒரு பகுதியினர் நகருக்குள் வீடு தேடுவதில்லை. நகரின் வாடகை வீடுகளை நம்பியிருப்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள், கப்பல் முகவர் நிறுவன ஊழியர்கள், வங்கி மற்றும் அரசு அலுவலகங்களுக்கு மாறுதலில் வருபவர்கள், லாரித் தொழிலைச் சார்ந்தவர்கள், பிள்ளைகளின் படிப்புக்காகக் கிராமத்தில் இருந்து வருபவர்கள் ஆகியோரே. இவர்களில் பலர் இரண்டு மூன்று ஆண்டுகளில் இடம் மாறுவர். ஒவ்வொரு மாற்றத்திலும் வீட்டுக்காரருக்கு வெள்ளை அடிக்கும் செலவும், சில வாரங்கள் வாடகை இழப்பும், தரகர் கமிஷனும் ஏற்படும்.

வாடகையும் ஒத்தியும்

தென் மாவட்டங்களில் வீட்டை விட இரண்டு முறைகள் உள்ளன. வாடகையில் சிறு முன்பணமும் மாதத் தொகையும் பெறப்படும். ஒத்தியில் குடியிருப்பவர் ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்து, பேசிய காலம் வரை வாடகை இல்லாமல் இருப்பார். காலம் முடிந்ததும் உரிமையாளர் அந்தத் தொகையை வட்டியின்றித் திருப்பித் தருவார். சென்னைப் பகுதியில் இதைப் போக்கியம் அல்லது லீஸ் என்பர். தென் கொரியாவில் உள்ள சோன்சே முறையும் இதே போன்றது.

முன்கூட்டியே ஓய்வு பெற நினைப்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். ஒத்திப் பணம் கடன்தான், வருமானம் அன்று. மாதம் 8,000 ரூபாய் வாடகை வரக்கூடிய ஒரு வீட்டை 6 லட்சம் ரூபாய்க்கு ஒத்திக்கு விட்டதாகக் கொள்வோம். அந்தத் தொகையை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் ஆண்டுக்கு 42,000 ரூபாய், அதாவது மாதம் 3,500 ரூபாய் மட்டுமே கிடைக்கும். மகளின் திருமணம், மேல்மாடி கட்டுதல், வேறு கடனை அடைத்தல் போன்ற மொத்தத் தேவைக்காகவே பலர் ஒத்தியை நாடுகின்றனர். பணம் செலவாகிவிட்டால், குடியிருப்பவர் காலி செய்யும்போது அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் பழையவருக்குத் திருப்பித் தர முடியும். தென் கொரியாவில் 2022, 2023 ஆண்டுகளில் வீட்டு விலை சரிந்தபோது உரிமையாளர்கள் பலர் இவ்வாறு பணம் தர முடியாமல் போனதால், குடியிருந்தவர்கள் பெரும் இழப்புக்கு ஆளாயினர்.

1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, 100 ரூபாய்க்கு மேற்பட்ட சுவாதீன அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும் என்று பலரும் நினைப்பது இரு தரப்புக்கும் பின்னால் சிக்கலைத் தரும்.

ஒரு மாதிரிக் கணக்கு

இந்திய நகரங்களில் ஒரு வீட்டின் ஆண்டு வாடகை அதன் விலையில் பொதுவாக 2 முதல் 4 சதவீதம் வரையே இருக்கும். 60 லட்சம் ரூபாய் மதிப்புள்ள, இரண்டு பகுதிகள் கொண்ட வீட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் 8,000 ரூபாய் வாடகை வருவதாகக் கொண்டால் கணக்கு இவ்வாறு அமையும்:

• ஆண்டு வாடகை: 1,92,000 ரூபாய்
• ஒரு மாதம் காலியாக இருப்பதால் இழப்பு: 16,000 ரூபாய்
• சொத்து வரி: 6,000 ரூபாய்
• பழுது, வெள்ளை அடித்தல், மோட்டார், குழாய் வேலை: 25,000 ரூபாய்
• காப்பீடு: 4,000 ரூபாய்
• கையில் நிற்பது: 1,41,000 ரூபாய், அதாவது மாதம் 11,750 ரூபாய்

3.2 சதவீதமாகத் தோன்றிய வருமானம் செலவுகள் போக 2.35 சதவீதமாகக் குறைகிறது. மாதம் 35,000 ரூபாய் செலவாகும் குடும்பத்துக்கு இப்படிப்பட்ட மூன்று வீடுகள் வேண்டும். அதாவது, தாங்கள் குடியிருக்கும் வீடு போக 1 கோடியே 80 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்து தேவை. அவற்றுள் ஒரு பகுதி ஆறு மாதம் காலியாகக் கிடந்தால் 48,000 ரூபாய் இழப்பு ஏற்படும். இது ஒரு மாதக் குடும்பச் செலவைவிட அதிகம்.

வாங்கும்போது ஆகும் செலவும் சிறிதல்ல. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 2023 ஏப்ரல் முதல் பொதுவாக 9 சதவீதம். 60 லட்சம் ரூபாய்க்கு இது 5,40,000 ரூபாய். மேற்கண்ட வீட்டின் ஏறத்தாழ நான்கு ஆண்டு நிகர வாடகை இதற்கே போய்விடும்.

விலைவாசியையும் கணக்கில் கொள்ள வேண்டும். செலவு ஆண்டுக்கு 6 சதவீதம் கூடினால், இன்றைய 35,000 ரூபாய் 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 1,12,000 ரூபாய் ஆகும். வாடகை ஆண்டுக்கு 5 சதவீதம் கூடினால், மூன்று வீடுகளின் நிகர வாடகை ஏறத்தாழ 93,500 ரூபாயாக இருக்கும். ஒரு சதவீத வேறுபாடே 20 ஆண்டுகளில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பற்றாக்குறையை உண்டாக்குகிறது. 45 வயதில் ஓய்வு பெறுபவருக்கு அப்போது 65 வயது. மருத்துவச் செலவு கூடும் வயதும் அதுவே.

கடனில் வாங்கிய வீடு

வாடகையைக் கொண்டே கடன் தவணையைக் கட்டிவிடலாம் என்று பலர் கணக்கிடுகின்றனர். அதே 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 45 லட்சம் ரூபாய் கடனை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால், மாதத் தவணை ஏறத்தாழ 39,050 ரூபாய். வாடகையோ 16,000 ரூபாய். மீதி 23,000 ரூபாயைச் சம்பளத்தில் இருந்தே கட்ட வேண்டும். எனவே கடன் உள்ள வரை வாடகை வீடு ஓய்வுக்கு வழி செய்வதில்லை. வேலையைத் தொடரவே அது கட்டாயப்படுத்துகிறது. முன்னோர் விட்டுச்சென்ற மனையில் சேமிப்பைக் கொண்டு கட்டியவர்களுக்கு வாடகை போதுமானதாக இருப்பதும், கடனில் வாங்கியவர்கள் திணறுவதும் இந்த வேறுபாட்டினால்தான்.

வாடகைக்கு மாற்றாகச் சொல்லப்படும் திட்டங்களுக்கும் வரம்புகள் உண்டு. அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 முதல் 8.2 சதவீத வட்டியும், 30 லட்சம் ரூபாய் உச்சவரம்பும் உள்ளன. ஆனால் அதில் சேர 60 வயது ஆகியிருக்க வேண்டும். விருப்ப ஓய்வு பெற்றவர்கள் 55 வயதில் சேரலாம். 45 வயதில் ஓய்வு பெறுபவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. வைப்பு நிதி வட்டி வாடகையைவிட அதிகமாகத் தோன்றினாலும் முதல் வளராது. வீட்டில் மனையின் விலையும் வாடகையும் காலப்போக்கில் உயரக்கூடும்.

வரியும் சட்டமும்

வருமான வரிச் சட்டத்தின்படி, கிடைத்த வாடகையில் இருந்து கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் பராமரிப்புக்காகத் தள்ளுபடி செய்யப்படுகிறது. இதற்கு ரசீது காட்டத் தேவையில்லை. மேற்கண்ட வீட்டின் வரிக்குரிய வருமானம் 1,19,000 ரூபாய் மட்டுமே. கடை, கிட்டங்கி போன்றவற்றின் வாடகை உட்பட ஒருவரது ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால், வணிகச் சொத்து வாடகைக்கு 18 சதவீதச் சரக்கு மற்றும் சேவை வரி வசூலித்துக் கட்ட வேண்டும்.

1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017 இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி எவ்வளவு குறுகிய கால வாடகையாயினும் எழுத்து வடிவில் ஒப்பந்தம் வேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாத நிலையில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மிகக் கூடாது. இரண்டு மாத வாடகை பாக்கி இருந்தால் உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். வாடகை தராதவரை வெளியேற்றத் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்கக் கூடாது. ஒப்பந்தம் எழுதாமல் வாய்ப்பேச்சில் வீட்டை விடுபவர்களுக்கு இச்சட்டத்தின் பாதுகாப்பைப் பெறுவது கடினம்.

கடற்கரையின் இடர்கள்

உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். கம்பி உப்பி, கூரையின் பூச்சு பெயர்ந்து விழும். எனவே கடலுக்கு அருகில் உள்ள வீடுகளுக்குப் பராமரிப்புச் செலவு உள்நாட்டைவிட அதிகம். நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருப்பதால், வல்லநாட்டில் இருந்து குழாய் வழியாக வரும் தாமிரபரணித் தண்ணீர் கிடைக்கும் தெருவா என்று பார்த்தே குடும்பங்கள் வீடு தேடும்.

இவற்றைவிடப் பெரியது வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தூத்துக்குடி நகரின் தாழ்வான பகுதிகளில் பல நாட்கள் தண்ணீர் தேங்கியது. முத்தம்மாள் காலனி போன்ற பகுதிகளில் அதற்கு முந்தைய ஆண்டுகளின் மழையிலும் தண்ணீர் நின்றது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் அரசு அளித்த 6,000 ரூபாய் நிவாரணம் குடும்ப அட்டை அடிப்படையில் வழங்கப்பட்டது. வாடகைக்கு விட்ட வீட்டின் மோட்டார், மின்கம்பி, கதவு, சுவர் ஆகியவற்றைச் சரிசெய்யும் செலவு உரிமையாளரையே சேர்ந்தது. சம்பளம் வாங்குபவர் இத்தகைய செலவை அடுத்தடுத்த மாதங்களில் ஈடுகட்டிவிடுவார். வாடகை ஒன்றையே நம்பியிருப்பவருக்குச் செலவு கூடும் அதே நேரத்தில் வரவும் நின்றுவிடும்.

ஆலை மூடப்படுவதும் இத்தகையதே. 2018 மே 22, 23 தேதிகளில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்ததை அடுத்து, மே 28 அன்று ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை நிரந்தரமாக மூடத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. ஆலைக்கான காரணங்கள் எவையாயினும், ஒரே நிறுவனத்தின் ஊழியர்களை நம்பி வீடு கட்டியவரின் வருமானம் ஒரே ஆணையில் மாறக்கூடும் என்பதை இது காட்டுகிறது. மறுபுறம், 2025 ஆகஸ்ட் 4 அன்று சிப்காட் வளாகத்தில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறக்கப்பட்டது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. இவை புதிய வாடகைதாரர்களைக் கொண்டுவரலாம். ஆனால் அறிவிப்பு வந்தவுடன் மனை விலை ஏறிவிடுவதும், வாடகை மெதுவாகவே ஏறுவதும் வழக்கம். ஏறிய விலைக்கு வாங்கியவருக்கு வாடகை விகிதம் முன்பைவிடக் குறையும்.

முத்துப் பார் தரும் எடுத்துக்காட்டு

குத்தகை வருமானம் எப்படி வற்றும் என்பதை மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு வரலாறு தெளிவாக்குகிறது. முத்துச் சிப்பிகள் வளரும் கடலடிப் பாறைத் திட்டுகள் ‘பார்’ எனப்படும். அவை அரசின் சொத்து. சிப்பி முதிர்ந்த ஆண்டுகளில் மட்டுமே குளிப்பு நடக்கும். பல ஆண்டுகள் ஒன்றும் கிடைக்காமலும் போகும். 1905இல் இலங்கைப் பக்கம் நடந்த முத்துக்குளிப்பு மிகப் பெரிய வருவாயைத் தந்தது. அதை அடுத்து 1906இல் இலங்கை அரசு தன் முத்துப் பார்களை ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விட்டது. 1907க்குப் பிறகு சிப்பி கிடைக்கவில்லை. நிறுவனம் சில ஆண்டுகளிலேயே கலைக்கப்பட்டது. 20 ஆண்டு ஒப்பந்தம் கையில் இருந்தும், குத்தகைதாரருக்கு வருமானம் இல்லாதபோது உரிமையாளருக்கும் குத்தகை வரவில்லை.

தூத்துக்குடிப் பக்கத்தில் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. அதன் பிறகு வணிக அளவில் நடைபெறவே இல்லை.

கவனிக்க வேண்டியவை

வாடகையை நம்பி ஓய்வு பெற விரும்புபவர்கள் பின்வருவனவற்றைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது:

• எல்லாச் சொத்துகளும் கடன் இல்லாமல் இருத்தல். ஒத்திப் பணத்தையும் கடனாகவே எண்ணுதல்.
• நிகர வாடகை குடும்பச் செலவைவிடக் கணிசமாக அதிகமாக இருத்தல். சரிசமமாக இருந்தால் போதாது.
• வாடகைதாரர்கள் ஒரே ஆலையையோ ஒரே தொழிலையோ சாராமல் இருத்தல். ஒரு பெரிய கிட்டங்கியைவிட நான்கு சிறு வீடுகளின் வருமானம் குறைவாக இருக்கலாம். ஆனால் முழுவதும் நின்றுபோகாது.
• ஒரு வருடக் குடும்பச் செலவையும் ஒரு பெரிய பழுதுச் செலவையும் ரொக்கமாக வங்கியில் வைத்திருத்தல். அவசரத்துக்கு வீட்டின் ஒரு பகுதியை மட்டும் விற்க முடியாது.
• வாங்கும் முன் மழைக்காலத்தில் தெருவைப் பார்த்தல், 2023 டிசம்பரில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டறிதல்.
• குடும்பம் முழுமைக்கும் மருத்துவக் காப்பீட்டை, வேலையில் இருக்கும்போதே தனியாக எடுத்துக்கொள்ளுதல். அலுவலகக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும்.
• வீட்டைப் பார்த்துக்கொள்ளும் உழைப்பை யார் செய்வது என்று முடிவு செய்தல். 45 வயதில் தானே மோட்டாரைப் பார்த்து, வாடகை கேட்டு நடப்பவர், 70 வயதில் அதற்கு ஆள் வைக்க வேண்டியிருக்கும்.

இவற்றுள் சில மட்டுமே நிறைவேறும் நிலையில், முழு ஓய்வுக்குப் பதிலாக வாடகையைப் பாதித் துணையாக வைத்துக்கொண்டு, குறைந்த நேர வேலையோ சிறு தொழிலோ செய்வது பாதுகாப்பான இடைவழியாக அமையும். மாதிரிக் கணக்கில் உள்ளது போன்ற ஒரு வீடு மட்டும் உள்ள குடும்பத்துக்கு, மாதம் 11,750 ரூபாய் என்பது ஓய்வு பெறப் போதாது. ஆனால் பிடிக்காத வேலையை விட்டு, குறைந்த சம்பளம் தரும் வேறு வேலைக்கு மாறுவதற்கு அந்தத் தொகை உதவும்.